துவக்கைத் தொடாதே என்றேன்; பிறகு நானே சுடுதளத்துக்குப் போனேன்

"முஸ்லிம் வீட்டுப் பொம்பிளப் புள்ள துவக்குச் சுடப் பழகுறதா? உங்களுக்கென்ன பைத்தியமா மச்சான்?"

மூன்று வருடங்களுக்கு முன்னர் என் மனைவியின் சகோதரர் தொலைபேசியில் என்னிடம் கேட்ட கேள்வி இது. என் மகள் அப்போது பத்தாம் தரத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அவளது பாடசாலையில் காற்று ரைபிள் சுடும் அணிக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்தார்கள். அவளும் எடுபட்டாள். பெற்றோர் கையெழுத்திட வேண்டிய படிவம் வீட்டுக்கு வருவதற்கு முன்பே, ரைபிளைப் பிடித்தபடி தோழி எடுத்த படம் எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. பத்து நிமிடத்தில் மச்சானின் அழைப்பு.

மச்சான் கெட்டவர் அல்லர். பயந்தவர். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று இந்தப் பக்கத்தைப் படிக்கும் எவருக்கும் நான் விளக்கத் தேவையில்லை. 2019 ஏப்ரல் 21 க்குப் பிறகு வந்த வாரங்களில் எத்தனை வீடுகளில் சமையலறைக் கத்தியைக்கூட எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறினோம்? சேனைக்குக் கொண்டுபோகும் வாப்பாவின் பழைய கத்தியை நானே ஒரு சாக்கில் சுற்றிக் குளத்தில் போட்டேன். அதைச் செய்த என்னிடம் மகள் ரைபிள் படிவத்தை நீட்டினால் என்ன சொல்வேன்? "தொடவே கூடாது" என்றேன். கையெழுத்திடவில்லை.

அவள் அழவில்லை, சண்டை பிடிக்கவும் இல்லை. "வாப்பா, ஒருக்கா வந்து பாருங்களேன். பாத்துட்டு வாணாம் எண்டா வாணாம்" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காகப் போனேன். இன்று வாரத்தில் ஒரு நாள் நானும் அதே சுடுதளத்தில் நின்று பழகுகிறேன். இது எப்படிப்பட்ட விளையாட்டு, எப்படித் தொடங்குவது, எங்கே அவதானமாக இருக்க வேண்டும் என்பதை எங்கள் பெற்றோர்களும் இளைஞர்களும் விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் நாள் கண்டது

நான் எதிர்பார்த்தது சத்தமும் புகையும். கண்டது பரீட்சை மண்டபம் போன்ற ஓர் அமைதி. வாசலில் ஒரு பதிவுப் புத்தகம். உள்ளே வருபவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், வந்த நேரம், போன நேரம் எல்லாம் அதில் எழுதப்பட வேண்டும். எந்த ரைபிள் யாருடைய கையில் போனது, எத்தனை குண்டுகள் கொடுக்கப்பட்டன என்பதற்கு இன்னொரு புத்தகம். பயிற்றுவிப்பாளர் இராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு சிங்களவர். தொப்பியும் தாடியுமாக உள்ளே போன எனக்கு அவரைக் கண்டதும் நெஞ்சு படபடத்தது உண்மை. அவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, "இருங்கள், மகள் என்ன செய்கிறாள் என்று பாருங்கள்" என்றார். அவ்வளவுதான்.

முதல் ஒரு மணித்தியாலத்தில் ஒரு குண்டுகூடச் சுடப்படவில்லை. பிள்ளைகள் வெறும் ரைபிளைத் தூக்கினார்கள், குறி பார்த்தார்கள், இறக்கினார்கள். மீண்டும் தூக்கினார்கள். புதிதாக வருபவர்களுக்குப் பல நாட்கள் இது மட்டும்தான் பயிற்சி.

விளையாட்டின் கணக்கு இதுதான். சுடுபவர் நிற்கும் கோட்டிலிருந்து இலக்கு அட்டை சரியாக 10 மீற்றர் தூரத்தில் இருக்கும். குண்டு 4.5 மில்லிமீற்றர் அளவுள்ள சிறிய ஈயக் குண்டு. வெடிமருந்து கிடையாது, அழுத்தப்பட்ட காற்றுத்தான் குண்டைத் தள்ளுகிறது. ரைபிள் அட்டையின் நடுவில் பத்துப் புள்ளிக்குரிய இடம் வெறும் அரை மில்லிமீற்றர் பொட்டு. பேனா முனையால் வைத்த புள்ளி போல. ரைபிளின் எடை 5.5 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. போட்டியில் 60 குண்டுகள். இலத்திரனியல் இலக்கு என்றால் அதற்கு 75 நிமிடங்கள். ஒரு குண்டுக்கு ஆகக்கூடியது 10.9 புள்ளி. எனவே முழுப் புள்ளி 654.

இந்தப் போட்டி ஒலிம்பிக்கில் 1984 ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸில் சேர்க்கப்பட்டது. எங்கள் நாட்டுக்கும் இதில் ஒரு வரலாறு உண்டு. 1994 ஆம் ஆண்டு கனடாவின் விக்டோரியாவில் நடந்த பொதுநலவாய விளையாட்டில் மாலினி விக்ரமசிங்க, புஷ்பமாலி ராமநாயக்க ஆகிய இரு பெண்கள் காற்று ரைபிள் இணைப் போட்டியில் இலங்கைக்குத் தங்கம் வென்றார்கள். 2021 இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் தெஹானி எகொடவெல இதே 10 மீற்றர் போட்டியில் பங்குபற்றினார். கிரிக்கெட்டைத் தவிர வேறொன்றையும் நாம் பார்ப்பதில்லை என்பதால் இவையெல்லாம் எங்கள் காதுக்கு வருவதில்லை.

நான்கு விதிகள், நமக்குப் பழக்கமான சொற்கள்

சுடுதளத்தில் முதலில் கற்பிப்பது குறி பார்ப்பதை அல்ல. நான்கு விதிகளைத்தான்.

ஒன்று, எந்தத் துவக்கையும் குண்டு நிரம்பியது என்றே எண்ணிக் கையாள வேண்டும். "வெறும் துவக்குத்தானே" என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. இரண்டு, குழலின் வாய் எப்போதும் இலக்கின் பக்கமே இருக்க வேண்டும். மனிதன் பக்கம் ஒரு கணமும் திரும்பக் கூடாது, விளையாட்டுக்கும்கூட. மூன்று, குறி பார்த்துச் சுடத் தீர்மானிக்கும் வரை விரல் ட்ரிகரைத் தொடக் கூடாது. நான்கு, சுடாத நேரத்தில் போல்ட் திறந்திருக்க வேண்டும். குழலுக்குள் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் ஒரு பாதுகாப்பு நூல் செருகப்பட்டிருக்க வேண்டும். அந்த நூல் இரண்டு பக்கமும் வெளியே தெரிந்தால் உள்ளே குண்டு இல்லை என்பது தூரத்தில் நிற்பவருக்கும் விளங்கும். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும்போதும் போல்ட் திறந்த நிலையில்தான் கொடுக்க வேண்டும்.

இவற்றைப் பயிற்றுவிப்பாளர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல, எனக்கு எங்கேயோ கேட்ட விடயங்களாகத் தோன்றின. வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் விளங்கியது. அம்பெய்தலே பலம் என்ற கருத்தில் வரும் ஹதீஸ் முஸ்லிம் கிரந்தத்தில் இருக்கிறது. அதை நாம் மேடைகளில் அடிக்கடி கேட்டிருக்கிறோம். ஆனால் விளையாட்டுக்கும் சகோதரனை நோக்கி ஆயுதத்தைக் காட்டக் கூடாது, ஷைத்தான் கையைத் தவறச் செய்துவிடக்கூடும் என்ற எச்சரிக்கை புஹாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. பள்ளிவாசலிலோ சந்தையிலோ அம்புடன் போகிறவர் பிறருக்குக் காயம் படாதபடி அதன் முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டளையும் இருக்கிறது. உறையிலிருந்து உருவிய வாளைக் கைமாற்றுவது தடுக்கப்பட்டிருப்பதாக அபூதாவூதிலும் திர்மிதியிலும் வருகிறது. உயிருள்ள பிராணியைக் கட்டிவைத்து இலக்காக்குவதும் தடை.

முதலாவதை மட்டும் சொல்லிவிட்டு மற்ற நான்கையும் நாம் விட்டுவிடுகிறோம். ஆயுதத்தைப் பழகுவதைப் பற்றிப் பேசும்போது பக்கத்தில் இருப்பவரின் பாதுகாப்பை முதலில் பேசிய மார்க்கம் இது. சுடுதளத்தின் விதிகளும் அதையே பேசுகின்றன. நான் ஆலிம் அல்லன், பத்வா சொல்லவில்லை. ஆனால் ஒரு தகப்பனாக என் தயக்கத்தின் பெரும் பகுதி அன்று இரவு போய்விட்டது.

உடம்பு கற்க வேண்டியவை

மறு வாரம் படிவத்தில் கையெழுத்திட்டேன். சில மாதங்களின் பின்னர் பெரியவர்களுக்கான வகுப்பில் நானும் சேர்ந்தேன். அங்கே கற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ரைபிளைக் கைப்பலத்தால் தூக்கி வைத்திருக்க முடியாது. நாலைந்து கிலோ எடை அரை நிமிடத்தில் கையை நடுங்க வைத்துவிடும். வலக்கைக்காரர் என்றால் இடது முழங்கையை இடுப்பெலும்பின் மீது ஊன்ற வேண்டும். எடை எலும்பு வழியாக நிலத்துக்கு இறங்க வேண்டும். தசை சும்மா இருக்க வேண்டும். அடுத்ததாக, குறி பார்த்தபின் கண்ணை மூடி இரண்டு தடவை மூச்சு விட்டுக் கண்ணைத் திறந்தால் குழல் எங்கே நிற்கிறதோ அதுதான் உடம்பின் இயல்பான திசை. அது இலக்கிலிருந்து விலகியிருந்தால் கையால் இழுத்துத் திருத்தக் கூடாது. பாதத்தை நகர்த்தித்தான் திருத்த வேண்டும்.

மூச்சை வெளியே விட்டு, அடுத்த மூச்சு எடுப்பதற்கு முன் வரும் அந்தச் சிறு இடைவெளியில் சுட வேண்டும். ஏழெட்டு விநாடிக்குள் சுட முடியாவிட்டால் சுடாமல் ரைபிளை இறக்கிவிட வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டே இருந்தால் பார்வை மங்கும், இதயத் துடிப்பு குழலின் நுனியில் தெரியும். எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது இதுதான். "இவ்வளவு நேரம் பிடித்துவிட்டேனே, சுட்டுவிடுவோம்" என்ற அவசரத்தில் விட்ட குண்டுகள் எல்லாம் ஏழிலும் ஆறிலும் போய் விழுந்தன. இறக்கிவைக்கப் பழகிய பிறகுதான் புள்ளி ஏறியது. சுடுதளத்துக்குப் போகும் முன் கடும் பிளேன்டீ குடிப்பதையும் விட்டுவிட்டேன். கைநடுக்கம் அட்டையில் தெரிகிறது.

புதியவர்கள் நடுப் பொட்டைத் தேடக் கூடாது என்பது இன்னொரு பாடம். முதலில் குண்டுகள் எல்லாம் ஒரே இடத்தில் விழுகின்றனவா என்று பார்க்க வேண்டும். அந்த இடம் எங்கே இருந்தாலும் பரவாயில்லை. கூட்டம் சிறுத்துவிட்டால், குறிகாணியின் திருகைச் சில கிளிக் திருப்பி அதை நடுவுக்குக் கொண்டுவரலாம். குண்டுகள் சிதறி விழுந்தால் எந்தத் திருகும் உதவாது. பிழை நிலையிலோ மூச்சிலோ விரலிலோ இருக்கிறது.

இந்தப் பிராயத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒரு கையைச் சட்டைப் பையில் போட்டபடி சாதாரணக் கண்ணாடியுடன் நின்று, 10 மீற்றர் பிஸ்டல் கலப்பு இணைப் போட்டியில் வெள்ளி வென்ற துருக்கியின் யூசுப் டிகெச்சுக்கு அப்போது வயது 51. எனக்கு 49. பதக்கக் கனவு எதுவும் இல்லை. ஐந்து குண்டுகளை ஐந்து ரூபாக் குத்தியால் மூடக்கூடிய அளவுக்குக் கொண்டுவந்தால் அன்று இரவு நல்ல நித்திரை.

பராமரிப்பு: வாப்பாவிடம் கண்டதும் பயிற்றுவிப்பாளரிடம் கற்றதும்

எங்கள் பூர்வீகம் அநுராதபுர மாவட்டத்தில் ஒரு சேனைக் கிராமம். வாப்பாவிடம் பயிர்ப் பாதுகாப்புக்கென்று அனுமதிப்பத்திரம் பெற்ற ஒற்றைக் குழல் பன்னிரண்டு போர் துவக்கு ஒன்று இருந்தது. காட்டுப் பன்றியை விரட்ட இரவில் ஓரிரு வெடி வைப்பதைத் தவிர வேறெதற்கும் அதை எடுத்ததில்லை. ஆனால் துடைப்பதற்கு ஒழுங்காக எடுப்பார்.

பாயை விரிப்பார். துவக்கை முறித்துத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து, விரலை விட்டும் பார்ப்பார். தோட்டாத் தகரம் வேறு அறையில் இருக்கும். பிறகு குழலை லாம்புக்கு நேரே பிடித்துப் பின்பக்கத்தால் உள்ளே பார்ப்பார். எங்கள் பக்கத்துச் சேனைக்காரர் ஒருவரின் துவக்கு, மழைக்காலம் முழுக்க மூலையில் கிடந்து, அதன் குழலுக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. அதைப் பார்க்காமல் வெடி வைத்தபோது குழல் பிளந்து அவருக்கு இரண்டு விரல்கள் போயின. வாப்பா குழலுக்குள் பார்க்காமல் ஒருநாளும் துவக்கைத் தூக்காததற்கு அதுதான் காரணம். பின்னர் கம்பியில் துணியைச் சுற்றி இழுத்துத் துடைத்து, தையல் மெசின் எண்ணெயில் ஒரு துளி விட்ட துணியால் வெளிப்புறத்தைத் தடவி எடுத்து வைப்பார். "எண்ணெய் கூடினா அழுக்குப் புடிக்கும்" என்பார்.

காற்று ரைபிளுக்கும் அடிப்படை இதே ஒழுங்குதான்: குண்டில்லை என்று உறுதி செய்வது, குழலைப் பார்ப்பது, பிறகு துடைப்பது. ஆனால் சில வித்தியாசங்கள் உண்டு, அவை முக்கியமானவை.

போட்டி ரைபிளின் காற்று உருளையில் சுமார் 200 பார் அழுத்தம் இருக்கும். கார் ரயரில் இருப்பதைப் போல ஏறக்குறைய நூறு மடங்கு. இந்த உருளைக்கும் அதன் இணைப்புகளுக்கும் அருகே சாதாரண எண்ணெயோ கிரீஸோ போகவே கூடாது. உயர் அழுத்தக் காற்றுடன் பெற்றோலிய எண்ணெய் சேர்ந்தால் தீப்பற்றி வெடிக்கும் ஆபத்து இருக்கிறது. உருளையில் காலாவதித் திகதி பொறிக்கப்பட்டிருக்கும். பொதுவாக பத்து வருடங்கள். திகதி போன உருளையைச் சர்வதேசப் போட்டியில் பாவிக்கக் கூடாது. வீட்டிலும் வைத்திருக்கக் கூடாது. பழைய சுருள்வில் வகை ரைபிள் என்றால் குண்டு போடாமல் வெறுமனே சுடக் கூடாது. முன்னால் தடை இல்லாததால் பிஸ்டன் முழு வேகத்தில் மோதி உள் வளையம் சேதமாகும்.

குழலைத் துடைக்கும் போது முடியுமானவரை பின்பக்கத்தால் தொடங்கி வாய்ப் பக்கமாகத் தள்ள வேண்டும். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் குழலின் வாய். அங்கே ஒரு கீறல் விழுந்தாலும் குண்டு வழிதவறும். இதற்கென்றே சிறிய கம்பளித் துண்டுகள் விற்கிறார்கள். காற்று ரைபிளை ஒவ்வொரு நாளும் துடைக்கத் தேவையில்லை. சில நூறு குண்டுகளுக்கு ஒரு முறை போதும். ஆனால் வெளிப்புறத்தை ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டும். எங்கள் கையின் வியர்வையில் உப்பு இருக்கிறது. மலைநாட்டு ஈரத்தில் ஒரே கிழமையில் விரலடையாளம் துருவாகிவிடும். மழையில் கொண்டுவந்த பெட்டியை மூடியபடி வைத்தால் உள்ளிருக்கும் ஸ்பொஞ்ச் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். திறந்து காயவிட வேண்டும்.

ட்ரிகர் பகுதியைக் கழற்றிப் பார்க்கும் ஆசை பலருக்கு வரும், குறிப்பாகத் தொலைபேசியில் காணொளி பார்த்த இளைஞர்களுக்கு. தொடாதீர்கள். அது திறமையான திருத்துநரின் வேலை. பிழையாகப் பூட்டப்பட்ட ட்ரிகர் தொடாமலே வெடிக்கும்.

தாய்மார் கவனிக்க வேண்டியது ஒன்று: குண்டு ஈயம். ஈயம் உடம்புக்குள் போனால் நஞ்சு. குண்டை வாயில் வைக்கக் கூடாது, சுடும் கோட்டில் எதையும் சாப்பிடக் கூடாது, முடித்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவிய பிறகே உணவைத் தொட வேண்டும். என் மகள் வீட்டுக்கு வந்து வுழூச் செய்துவிட்டாள் என்பதற்காக நான் விடுவதில்லை, சவர்க்காரம் வேண்டும்.

கடதாசியின் பெறுமதி

இனி முக்கியமான விடயம். இலங்கையில் துவக்குகளை ஆள்வது 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும். பயிர்ப் பாதுகாப்புத் துவக்கு என்றால் மாவட்ட செயலாளர், தனிப்பட்ட பாதுகாப்புக்கு என்றால் பாதுகாப்பு அமைச்சு என்று விண்ணப்பங்கள் போகும். அனுமதிப்பத்திரத்தை ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். வாப்பாவின் பெயரில் இருக்கும் அனுமதிப்பத்திரம் அவர் மவுத்தான பின் மகனுக்குத் தானாக வந்து சேராது.

2006 இல் வாப்பா மவுத்தானதும், நாற்பது முடிவதற்கு முன்பே அந்தத் துவக்கை அனுமதிப்பத்திரத்துடன் பொலிஸ் நிலையத்தில் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டு வாங்கினேன். "பரணில போட்டு வைப்போம், யாருக்குத் தெரியும்" என்று சொன்ன உறவினர்களும் இருந்தார்கள். 2019 மே மாதம், நோன்பு காலத்தில் ஊர் வீட்டில் இருந்தபோது தேடுதலுக்கு வந்தார்கள். "உங்கள் தகப்பனாரிடம் துவக்கு இருந்ததே?" என்பதுதான் முதல் கேள்வி. கோப்பிலிருந்து பற்றுச்சீட்டை எடுத்துக் கொடுத்தேன். அதிகாரி படித்தார், திருப்பித் தந்தார், போய்விட்டார்கள். அனுமதியே தேவையில்லாத கத்தியைப் பயத்தில் குளத்தில் வீசியவனும் நான்தான். பதின்மூன்று வருடம் ஒரு துண்டுக் கடதாசியைப் பத்திரமாக வைத்திருந்ததால் காப்பாற்றப்பட்டவனும் நான்தான்.

ஆகவே இந்தப் பொழுதுபோக்கில் ஆர்வம் வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தேசிய சம்மேளனத்தில் இணைந்த கழகத்தையோ பாடசாலை அணியையோ நாடுங்கள். கழகத்தின் ரைபிளில், கழகத்தின் இடத்தில் பழகுங்கள். சொந்த ரைபிளைப் பற்றி இரண்டு வருடத்துக்கு யோசிக்கவே வேண்டாம். வால்தர், ஃபைன்வெர்க்பாவ், அன்ஷுட்ஸ் போன்ற போட்டி ரைபிள்களின் விலை பல லட்சங்கள். பழகுவதற்கு அது தேவையும் இல்லை. காற்று ரைபிள் விளையாட்டுச் சாமான் அல்ல. வாங்கும் எண்ணம் வந்தால் கழகத்திலும் பொலிஸிலும் பாதுகாப்பு அமைச்சிலும் கேட்டு, அனுமதியை எழுத்தில் எடுத்த பிறகே காசைக் கொடுங்கள். முகநூலில் "மலிவாக இருக்கிறது" என்று வருபவற்றின் பக்கம் போகாதீர்கள். குருவி சுட, குரங்கு சுட என்று யாராவது கொடுக்கும் துவக்கைக் கையால் வாங்காதீர்கள். காட்டு ஓரங்களில் வைக்கும் கட்டுத்துவக்கு எவ்வளவு பேரின் கால்களைக் கொண்டுபோயிருக்கிறது என்று எங்கள் மாவட்டத்து ஆஸ்பத்திரிகளுக்குத் தெரியும். அது சட்டவிரோதம், பாவமும்கூட.

படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். துவக்குடன் எடுத்த படத்தை முகநூலிலோ டிக்டொக்கிலோ போடாதீர்கள். இது நியாயமா என்று மகள் என்னிடம் கேட்டாள். "என்ட டீமில மத்தப் புள்ளைகள் எல்லாம் போடுறாங்களே வாப்பா. நான் மட்டும் ஏன் போடக்கூடாது?" என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை. நியாயம் இல்லைதான் என்று ஒத்துக்கொண்டேன். மற்றப் பிள்ளையின் படத்தை விளையாட்டு என்று பார்க்கும் கண், இவளது படத்தை வேறு மாதிரிப் பார்க்கக்கூடிய காலத்தில் இருக்கிறோம் என்றேன். கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம்: இலக்கு அட்டையின் படத்தைப் போடலாம், சான்றிதழைப் போடலாம், பாடசாலை தன் பக்கத்தில் போடும் குழுப் படத்தில் நிற்கலாம். ரைபிளுடன் தனிப் படம் வேண்டாம். அவளுக்கு இதில் முழுத் திருப்தி இல்லை. எனக்கும் இல்லை.

பர்தாவுடன் முடியுமா?

பெண் பிள்ளைகளின் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இது. காற்று ரைபிள் சுடுபவர்கள் கழுத்து முதல் கணுக்கால் வரை தடித்த கென்வஸ் ஜக்கெட்டும் காற்சட்டையும் அணிகிறார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஒழுங்கு. தலையில் ஹிஜாப் இருப்பதால் ஒரு குறையும் இல்லை. குறி பார்க்கும் கண்ணையும் கன்னம் சோங்கில் படியும் இடத்தையும் துணி மறைக்காமல் கட்டினால் போதும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் கட்டார் நாட்டின் கொடியை ஏந்தி வந்த பஹியா அல் ஹமத் இதே 10 மீற்றர் காற்று ரைபிள் வீராங்கனை, ஹிஜாபுடன்தான் சுட்டார். அதே போட்டியில் மலேசியாவின் நூர் சுர்யானி தைபி எட்டு மாதக் கர்ப்பிணியாக நின்று சுட்டார். ஐக்கிய அரபு இராச்சியத்தின் முதலாவது ஒலிம்பிக் பதக்கமே 2004 இல் அஹ்மத் அல் மக்தூம் துப்பாக்கி சுடுதலில் வென்ற தங்கம். இவர்கள் யாரும் ஆயுதக் குழுவில் சேரவில்லை. விளையாட்டில் சேர்ந்தார்கள்.

மச்சான் இன்னும் முழுதாக மாறவில்லை. போன வருடம் மகள் 60 குண்டில் 591.7 எடுத்த அட்டைகளின் படத்தைக் குடும்பக் குழுவில் போட்டபோது, ஒரு மணித்தியாலம் கழித்து அவர் ஒரு கட்டைவிரல் மட்டும் போட்டார். பிறகு தனியாக எனக்கு எழுதினார்: "புள்ளையக் கவனமாப் பாத்துக்கோங்க." அவரைக் குறை சொல்ல மாட்டேன். பயந்து கதவைப் பூட்டுவது அறியாமை என்று யாராவது சொன்னால், அவர் அந்த மே மாதத்தில் எங்களுடன் இருக்கவில்லை என்பேன்.

ஆனால் பூட்டிய கதவுக்குப் பின்னால் எங்கள் பிள்ளைகள் துவக்கைப் பற்றி எதிலிருந்து படிக்கிறார்கள்? தொலைபேசி விளையாட்டிலிருந்து, சினிமாவிலிருந்து, யாரோ அனுப்பும் காணொளியிலிருந்து. அங்கே எவரும் குழலை வேறு பக்கம் திருப்பச் சொல்வதில்லை. எவரும் பதிவுப் புத்தகத்தில் பெயர் எழுதச் சொல்வதில்லை. வாசலில் கையெழுத்திட்டு, எல்லோர் கண்ணும் பார்க்க, ஓர் அதிகாரியின் முன்னால் நின்று, சுடாமல் இறக்கிவைக்கவும் பழகும் பிள்ளையைப் பற்றி எனக்கு இப்போது கவலை குறைவு.

என் மகளின் அணியில் அவளைத் தவிர வேறு முஸ்லிம் பிள்ளை இல்லை. அடுத்த தவணையில் புதிய பிள்ளைகளைச் சேர்ப்பார்கள். உங்கள் பிள்ளையின் பாடசாலையிலிருந்தும் இப்படி ஒரு படிவம் வந்தால், உடனே கையெழுத்திடவும் வேண்டாம், உடனே கிழிக்கவும் வேண்டாம். ஒரு சனிக்கிழமை காலையில் போய், பின்வரிசைக் கதிரையில் ஒரு மணித்தியாலம் இருந்து பாருங்கள். அதன் பிறகு உங்கள் முடிவு.